கரையிறங்குமுன் கட்டும் காசு: கடல்வழி அன்பளிப்பின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

சொகுசுக் கப்பல்களில் டிப்ஸ் என்பது இன்று கையில் கொடுக்கும் காசாக இல்லை. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கில் தானாகவே ஏறிவிடுகிறது. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இத்தொகை ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். முன்பு பயணத்தின் கடைசி இரவில், தம் மேசையைக் கவனித்த பரிசாரகருக்கும் அறையைப் பெருக்கித் துடைத்தவருக்கும் உறையில் போட்டு நேரில் கொடுப்பார்கள். 2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய மேசையில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்னாருக்கு இன்ன பரிசாரகர் என்ற தொடர்பு அதோடு அறுந்தது. உறையை யாரிடம் நீட்டுவது என்று தெரியாத நிலையில் காசு கணக்கில் ஏறியது. இதைப் பெரும்பாலோர் ஒரு சீர்கேடாகவே பார்க்கிறார்கள்: மனமுவந்து கொடுத்தது எதிர்பார்ப்பாகி, எதிர்பார்ப்பு கட்டாயமாகிவிட்டது என்பது அவர்கள் கதை. இக்கதைக்கு வரலாற்று வடிவம் தந்த நூல்களில் முதன்மையானது கெரி சீக்ரேவ் 1998-இல் வெளியிட்ட அமெரிக்க டிப்ஸ் வரலாறு. நிலத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரிதும் பொருந்தும் என்பதும், கடலுக்கு அதைக் கொண்டுபோனால் தலைகீழாகிவிடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சீக்ரேவ் வரையும் கோடு நேரானது. இடைக்கால ஐரோப்பாவில் எசமான் மனம் குளிர்ந்து வேலையாளுக்குச் சில நாணயங்களை வீசுகிறான். பிறகு, பெரிய வீடுகளுக்கு விருந்தாட வந்தவர்கள் புறப்படும்போது அந்த வீட்டு வேலையாட்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்றாகிறது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது விருந்தாளிகளின் கழுத்தை நெரித்த வழக்கம். ஜோனஸ் ஹான்வே 1760-இல் இதை எதிர்த்துக் கடிதங்களே எழுதி வெளியிட்டார். அமெரிக்காவுக்குப் போனதும் இது கூலியின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. புல்மன் தொடர்வண்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்து வைத்து, மீதியைப் பயணிகளின் தயவுக்கு விட்ட கதையை சீக்ரேவ் சொல்லும் இடம் நூலின் உச்சம். அதில் குறை காண ஒன்றுமில்லை. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கிவைத்த டிப்ஸ் தடைச் சட்டங்களும், 1926-க்குள் அவை எல்லா மாநிலங்களிலும் கைவிடப்பட்டதும் அவருடைய கோட்டுக்குள் நன்றாகவே அடங்குகின்றன. ஆனால் இந்தச் சான்றுகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கொடுப்பவன் மேலிருக்கிறான், வாங்குபவன் கீழிருக்கிறான், இருவரும் ஒரே ஊரின் ஒழுங்குக்குள் வாழ்கிறார்கள். எசமானின் நல்லெண்ணம் என்ற தொடக்கப் புள்ளி அந்த ஒழுங்கு இருந்தால்தான் கிடைக்கும். கப்பலும் கரையும் சந்திக்கும் இடத்தில் அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. வருபவன் அன்னியன், மறுபடி வருவானா என்பது காற்றைப் பொறுத்தது. நல்லெண்ணத்தை நம்பி இரு தரப்பும் காத்திருக்க முடியாத அந்த இடத்தில், கொடை விளையும் முன்பே விகிதம் விளைந்துவிடுகிறது.

இதற்கு நான் முதன்மையாக நம்புவது சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருஸை அடுத்த லோபு துவாவில் 1873-இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டை. இப்போது அது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 1010, மாசி மாதம் என்று காலம் தெளிவாகவே இருக்கிறது, கி.பி. 1088. சோழன் முதல் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை, வென்ற நாடுகளுள் ஒன்றாகச் சொல்லி அறுபது ஆண்டு ஆகிவிட்ட காலம் அது. நாகப்பட்டினத்திலிருந்து கர்ப்பூரம் வாங்கப் பாருஸுக்குப் போகும் கப்பல் நிக்கோபார்த் தீவுகளைப் பார்க்காமல் போவது அரிது. பெரிய நிக்கோபாரின் தென்முனைக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே கடல் சுமார் 150 கிலோமீட்டர்தான். ஹுல்ட்ஷ் முதலில் கவனித்து, நீலகண்ட சாஸ்திரி 1932-இல் தனிக் கட்டுரையே எழுதிய இந்தக் கல்லின் வாசகம், எ. சுப்பராயலு மறுபடி படித்து வெளியிட்ட பிறகுதான் ஆய்வாளர் கைக்கு முழுமையாக வந்தது. சாஸ்திரியின் அக்கறை ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே இருந்தது என்பதில் இருந்தது. அவர்கள் எதை முடிவு செய்தார்கள் என்பதைப் பேச அவரிடம் வாசகம் போதவில்லை. சுப்பராயலுவின் பாடத்தின்படி, வாரோசு எனப்படும் பாருஸின் வேளாபுரத்தில், அதாவது துறைமுகக் குடியிருப்பில், ஐந்நூற்றுவர் கூடித் தம் மக்கள் என்று அழைக்கும் சிலருக்கு ஓர் உரிமை வழங்குகிறார்கள். அவர்களுள் நகர சேனாபதி நாட்டுச் செட்டியார், பதினெண்பூமி தேசி அப்பர் என்போரோடு மூன்றாவதாக ஒரு பணியாளர் கூட்டமும் உண்டு. அந்த உரிமைப்படி மரக்கல நாயனும் கேவிகளும், அதாவது கப்பல் தலைவனும் அவனுடைய ஆட்களும், அஞ்சு துண்டாயம் என்பதைக் கத்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகக் கொடுத்த பிறகே விரித்த பாவாடையில், அதாவது துணியில், கால் வைக்கலாம்.

இதை வரி என்று படிப்பதுதான் இயல்பாகத் தோன்றும். ஆயம் என்ற சொல்லே அப்படிப் படிக்கச் சொல்கிறது. வணிகக் குழுக்கள் தமக்குள் மகமை போட்டுக் கோயிலுக்குக் கொடுத்த கல்வெட்டுகள் தமிழகத்திலேயே ஏராளம். ஆனால் மகமை குழுவின் பொதுப் பெட்டிக்கோ தேவருக்கோ போகும். பாருஸ் கல்லில் காசு போகுமிடம் பெட்டி அன்று, ஆட்கள். குழுவுக்குக் காவலும் ஊழியமும் செய்பவர்களைத் தம் மக்கள் என்று உறவு சொல்லி அழைத்து, அவர்களுக்கு வந்து சேர வேண்டியதைக் கப்பலாட்கள் தலையில் ஏற்றுகிறது குழு. சம்பளம் கொடுக்க வேண்டியவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர். புல்மன் கதையில் சீக்ரேவ் கண்டுபிடித்ததாகக் கருதும் பொருளாதாரம் 1088-லேயே கல்லில் ஏறியிருக்கிறது. அதுவும் நன்கொடை என்ற முகமூடி இல்லாமல். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொகை இத்தனை காசு என்று நிலையாக நிற்கவில்லை. கத்தூரி விலையோடு ஏறி இறங்கும். விலைவாசியோடு தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டைப் பெருந்தன்மை உருவாக்காது, கணக்கர்தான் உருவாக்குவார். கொடுக்காதவன் இறங்க முடியாது என்ற விதியும் அப்படியே. சொகுசுக் கப்பலில் கணக்குத் தீர்க்காமல் யாரும் இறங்குவதில்லை.

பாவாடை விரிப்பது ஒரு மரியாதைச் சடங்கு என்று கொண்டால் என் வாசிப்பு வலுப்பெறுகிறது: கப்பல் தலைவனுக்கு நடக்கத் துணி விரித்து வரவேற்பவர்களுக்கு அவன் கொடுக்கும் மரியாதைக் காசு இது. சரக்கை விரித்து விலை பேசும் துணி அது என்று கொண்டால், கட்டணம் வாணிப உரிமைக்கானதாகி வரியின் பக்கம் சாய்கிறது. இரண்டில் எது சரி என்பதை இந்த ஒரு கல்லை வைத்து முடிக்க முடியாது. அதே நேரத்தில் இரண்டாவது பொருளைக் கொண்டாலும் பெறுபவர் யார் என்பது மாறவில்லை என்பதைச் சுட்ட வேண்டும்; சந்தையில் இடம் கேட்பவன் சந்தைக் காவலருக்குக் கொடுக்கும் காசு, அரசன் பண்டாரத்துக்குப் போகும் சுங்கம் அன்று. இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும்: பாருஸில் கப்பலாட்கள் கொடுக்கிறார்கள், இன்றைய சொகுசுக் கப்பலில் கப்பலாட்கள் வாங்குகிறார்கள், திசை நேர்மாறாக இருக்க இரண்டையும் ஒரே வரலாறாக எப்படிக் கோப்பது? திசையை வைத்துப் பார்த்தால் கோக்க முடியாதுதான். என் வாதம் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைப் பற்றியதல்ல. கடல் எல்லையில் ஊழியக் காசு எந்த வடிவில் பிறக்கிறது என்பதைப் பற்றியது.

நிக்கோபார்ச் சான்றுகளை இன்னும் எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இத்சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் ஆடையற்றோர் நாட்டைக் கண்டதாக எழுதுகிறார். அறிஞர் பலர் அதை நிக்கோபார் என்கிறார்கள். கப்பலைக் கண்டதும் சிறு ஓடங்களில் தேங்காயும் வாழையும் பிரம்புப் பொருளும் ஏற்றிக்கொண்டு தீவினர் வருகிறார்கள். கேட்பது இரும்பு மட்டுமே. இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய். மறுத்தால் நச்சம்பு பாயும். 851-ஆம் ஆண்டு அரபு வணிகக் குறிப்பும் லங்கபாலூஸ் தீவினர் இரும்புக்காகக் கப்பலை அணுகுவதைச் சொல்கிறது. இதைப் பண்டமாற்று என்று ஒதுக்கிவிடலாம், பெரும்பகுதி அப்படித்தான். எனக்கு முக்கியமாகப் படுவது நச்சம்புதான். தேங்காய் வேண்டாதவனும் இரும்பு கொடுத்தே கடக்க வேண்டும் என்றால், அங்கே விலையோடு கூட வழிவிடும் காசும் கலந்திருக்கிறது. 1858-இல் ஆஸ்திரியாவின் நோவாரா கப்பல் நிக்கோபார் வந்தபோது, முன்பு வந்துபோன கப்பல் தலைவர்கள் எழுதிக்கொடுத்த சான்றுச் சீட்டுகளைத் தீவினர் எடுத்து நீட்டினார்கள். இவர் நம்பத் தக்கவர் என்று ஒரு கப்பல் அடுத்த கப்பலுக்கு எழுதிவைத்த பரிந்துரைகள் அவை. வாசிக்கத் தெரியாத கையில் பத்திரமாக இருந்த அந்தச் சீட்டுகள், முகம் தெரியாதவருக்கிடையே நம்பிக்கையைத் தாளில் கட்டும் முயற்சி. நல்ல கவனிப்புக்கு நன்றி தெரிவிக்கும் இன்றைய கருத்துச் சீட்டுக்கு இவற்றை முன்னோடி என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் நன்றியும் உத்தரவாதமும் ஒரே தாளில் இருந்தன என்பது உறுதி.

பாருஸுக்கும் இன்றைய கப்பலுக்கும் இடையிலான இடைவெளியை ஓரளவு நிரப்புவது ஐரோப்பியச் சரக்குக் கப்பல்களின் தொப்பிப் பணம். சரக்கை அக்கறையாகக் கொண்டுசேர்த்ததற்காக அனுப்புநர் கப்பல் தலைவருக்குக் கொடுத்த சிறு தொகை இது. பிரைமேஜ் என்ற பெயரில் சரக்குச் சீட்டிலேயே அச்சாகி, வழக்கமான அளவு என்று குறிக்கப்பட்டது. கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம் என்பதற்கு அதில் இடமில்லை. சார்ல்ஸ் அபட் 1802-இல் எழுதிய கப்பல் சட்ட நூல், இது தலைவருக்கே உரியது, முதலாளியோடு வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய என்கிறது; மிகப் பழைய வழக்கம் என்றும், பயணத்துக்குப் பயணம் வேறுபடும் என்றும் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஒப்பந்த விதிவிலக்கின் வழியாகத்தான் காசு நழுவியது. 19-ஆம் நூற்றாண்டில் படிப்படியாக அது சரக்குக் கூலியோடு சேர்க்கப்படும் ஒரு சதவீதமாகி முதலாளியின் வருமானத்தில் கரைந்தது. எந்த ஆண்டில் என்று ஒற்றைத் தேதியைச் சுட்ட முடியாது. அபட்டின் கூற்றே சொல்வதுபோல ஒவ்வொரு வணிகத்திலும் அது வெவ்வேறு காலத்தில் நடந்திருக்க வேண்டும். சீக்ரேவின் கோட்டின்படி இந்தக் காசு தன்னார்வத்திலிருந்து கட்டாயத்துக்குப் போயிருக்க வேண்டும். உண்மையில் அது கட்டாயமாகவே தொடங்கிக் கட்டாயமாகவே முடிந்தது. மாறியது பெறுபவர்தான். தொப்பி தலைவரிடமே இருந்தது, பணம் கம்பெனிக்குப் போனது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. நம் சட்டம் சீக்ரேவின் பக்கமே நிற்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஓட்டலும் உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றன. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் அவற்றை உறுதி செய்தது. வாடிக்கையாளர் விரும்பினால் கொடுக்கலாம் என்பதே அதன் அடிப்படை. முன்னாள் போர்ட் பிளேரான ஸ்ரீ விஜயபுரத்தின் ஓட்டலில் இது பொருந்தும். அதே துறையில் நங்கூரமிடும் வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் ஆளுக்கு நாளுக்கு ஏறும் தொகைக்கு இது பொருந்துமா என்பதை அந்தச் சொற்கள் நேராகத் தொடவில்லை. சென்னையிலிருந்து அங்கே ஏறத்தாழ மூன்று நாள் ஓடும் அரசுக் கப்பல்களிலோ, நான்கௌரியானாலும் சுவராஜ் தீப்பானாலும், நிலை இன்னும் விசித்திரம். அரசுக்கோ அரசு நிறுவனத்துக்கோ வேலை செய்பவர் பயணியிடம் வாங்கும் கூடுதல் காசை 1860-இன் தண்டனைச் சட்டம் 161-ஆம் பிரிவில் ஐயத்தோடு பார்த்தது. 1988-இன் ஊழல் தடுப்புச் சட்டம் அந்த மரபைத் தொடர்கிறது. ஆக, பங்க் வகுப்புப் பயணி நீட்டும் காப்பிக் காசு லஞ்சம் என்ற பேச்சுக்கு இடம் தரும். சொகுசு அறைப் பயணியிடம் கேளாமல் எடுக்கும் பல டாலர் சேவைக் கட்டணம் எனப்படும்.

கட்டாயத்தை எடுத்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்ற முடிவுக்கு இங்கே எளிதில் தாவலாம். கடலைப் பொறுத்தவரை அப்படி நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஊதியத்தை மாதந்தோறும் கணக்கோடு கொடுக்கச் சொல்கிறது. பயணியிடம் எடுத்த தொகையில் எவ்வளவு எந்த அறைப் பணியாளருக்குப் போனது என்பதைப் பயணியின் பில் சொல்வதில்லை. பாருஸ் கல்லில் பெறுபவர்களின் பெயரும் பதவியும் உண்டு. அபட்டின் நூலில் தலைவர் என்ற ஒருவராவது உண்டு. எனவே பயணி விரும்பிக் கொடுத்தாரா என்ற கேள்வியை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டு, வரலாறு எழுதுபவர் தேட வேண்டியது கப்பல் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலை. சென்னைத் துறைமுகத்தின் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்குச் சீட்டுகளில் பிரைமேஜ் வரிக்கு எதிரே கையெழுத்திட்டவர் தலைவரா, முதலாளியின் முகவரா என்று வரிசையாகப் பார்த்தால், காசு கைமாறிய காலத்தைப் பத்தாண்டு அளவிலாவது நெருங்கலாம்.