குரங்குகள் மடிந்த காடு

பத்ராவதி இரும்பாலையை நாடிச் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு ஷிமோகா ஜில்லா பழகிய பெயர். அந்த ஜில்லாவின் சொரப தாலுகாவில் கியாசனூர் என்றொரு காடு உண்டு. 1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்காட்டில் குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து கிடந்தன. அதே சமயம், விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் சென்று வந்த கிராமத்தாரும் கடுஞ்சுரத்தில் வீழ்ந்தனர், சிலர் இறந்தனர். 'மங்கன காயிலே', அதாவது குரங்கு நோய் என்று ஊரார் அதற்குப் பெயரிட்டனர்.

புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தாருக்கு முதலில் எழுந்த ஐயம் மஞ்சள் காய்ச்சல். தென் அமெரிக்கக் காடுகளில் அந்நோய் பரவுங்கால் குரங்குகளும் மடிவதுண்டு. அதைப் பரப்பும் கொசு நம் நாட்டில் ஏராளம். நோய்தான் அதுவரை வந்ததில்லை. வந்திருந்தால் விளைவு என்னவாகியிருக்கும்! ஆனால் அவர்கள் பிரித்தெடுத்த வைரஸ், ருஷ்ய நாட்டு மூளைக்காய்ச்சல் ஒன்றின் வைரஸுக்கு உறவாக இருந்தது. அதைப் பரப்புவது கொசு அன்று, உண்ணி. ஆகவே ஆராய்ச்சி உண்ணியின் பக்கம் திரும்பிற்று.

கொசு சில நிமிடங்களில் உண்டு பறந்துவிடும். உண்ணியோ நாட்கணக்கில் தங்கும். தோலைக் கீறி, பின்னோக்கிய முட்கள் நிறைந்த வாயுறுப்பைச் செருகிக்கொள்ளும். பிடுங்கினாலும் எளிதில் வாராமைக்கு அம்முட்களே காரணம். அதன் எச்சில் இரத்தத்தை உறையவொட்டாது. கடிபட்டவரை உணரவும் விடாது. உறிஞ்சிய இரத்தத்தில் மிகுதியான நீரை உண்ணி அவ்வெச்சிலோடு கடிபட்ட உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. வைரஸ் உள்ளே நுழையும் வழியும் அதுவே.

கியாசனூர் உண்ணி பருவத்துக்கு ஒருமுறையாக வாழ்நாளில் மூன்றே முறை உண்ணும். ஆறு கால் குஞ்சாக இருக்கையில் பெரும்பாலும் எலி போன்ற சிறு பிராணிகளிடம், எட்டுக் கால் பெற்ற இளம்பருவத்தில் குரங்கிடமோ மனிதனிடமோ, முதிர்ந்தபின் மாட்டிடம். வயிறு நிறைந்ததும் உதிர்ந்துவிடும். ஒரு பருவத்தில் பெற்ற வைரஸை அடுத்த பருவத்துக்கும் சுமந்து செல்லும். குரங்கு மடிந்த இடத்தில் அதன்மேலிருந்த உண்ணிகள் உதிர்வதால் அம்மண்ணே அபாயமாகிறது. மாட்டுக்கு இந்நோயால் தீங்கில்லை. ஆயினும் காட்டில் மேயும் மாட்டின் இரத்தமே உண்ணியின் குலத்தைப் பெருக்குகிறது. பாலுக்கும் உழவுக்கும் மாடு வளர்த்த குடியானவன் இதை எங்ஙனம் அறிவான்?

இளம்பருவ உண்ணிகள் மிகுவது மழை ஓய்ந்த வறண்ட மாதங்களில். சருகும் விறகும் தேடி ஏழைகள் காடு புகுவதும் அப்போதுதான். நெடுங்காலம் ஷிமோகாவையும் அண்டை ஜில்லாக்களையும் சுற்றியே இருந்த இந்நோய், 2013இல் கேரளத்து வயநாட்டிலும் தென்பட்டது.