பெங்களூருவில் காற்றின் திசையையும் வேகத்தையும் தீர்மானிப்பது எது?

பெங்களூரு: கெம்பேகௌடா பன்னாட்டு விமான நிலையத்தின் இரு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்துள்ளன. அவற்றின் முனைகளில் காணப்படும் 09, 27 என்ற எண்கள் 90, 270 பாகைகளை, அதாவது கிழக்கையும் மேற்கையும் குறிக்கின்றன. எதிர்காற்றில் ஏறி இறங்குவதே விமானங்களுக்குப் பாதுகாப்பு. பெங்களூருவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்கிலிருந்தும், குளிர்காலத்தில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. இதற்கு மூன்று விசைகள் காரணமாகின்றன.

அழுத்த வேறுபாடு

உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தாழ்வழுத்தப் பகுதியை நோக்கிக் காற்று நகர்கிறது. குறைந்த தொலைவுக்குள் அழுத்தம் அதிகம் மாறினால் வேகம் கூடும். கோடையில் வடமேற்கு இந்தியாவின் நிலப்பரப்பு சூடாகி அழுத்தம் குறைவதால், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து காற்று ஈர்க்கப்படுகிறது. குளிர்காலத்தில் நிலம் குளிர்ந்து, நிலைமை தலைகீழாகிறது.

பூமியின் சுழற்சி

பூமி சுழல்வதால் உண்டாகும் கொரியோலிஸ் விசை, வட அரைக்கோளத்தில் காற்றை அதன் வலப்புறமாகத் திருப்புகிறது. வடக்கு நோக்கி வரும் காற்று தென்மேற்குப் பருவக்காற்றாகவும், தெற்கு நோக்கி வரும் காற்று வடகிழக்குப் பருவக்காற்றாகவும் மாறுவது இதனால்தான். நிலநடுக்கோட்டில் இவ்விசை இல்லை. ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் உள்ள பெங்களூருவில், இது டெல்லியில் உள்ளதில் பாதிக்கும் குறைவே.

உராய்வு

கட்டடங்களும் மரங்களும் குன்றுகளும் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. எனவே, காற்றின் வேகம் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளவிடப்படுகிறது. மாறாக, பாலக்காட்டுக் கணவாய் போன்ற குறுகிய இடைவெளிகளில் காற்று நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது.

கோடை மழையின்போது எச்சரிக்கை

ஏப்ரல், மே மாதங்களில் இடிமேகங்களிலிருந்து குளிர்ந்த, கனமான காற்று கீழிறங்கித் தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. அப்போது சில நிமிடங்களிலேயே திசை மாறி, வேகம் திடீரென உயரலாம். காற்றின் வேகம் மணிக்கு 30 கி.மீ.யிலிருந்து 60 கி.மீ. ஆனால், மரத்தின் மீதான அழுத்தம் இரு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்காகும். சாலையோர மரங்கள் நிறைந்த பெங்களூருவில் மரங்கள் முறிந்து விழுவதற்கு இத்தகைய காற்றும் முக்கியக் காரணம். இடிமேகம் சூழும்போது திடீரெனக் குளிர்காற்று வீசினால், மரத்தடியில் ஒதுங்காமலும் வாகனங்களை நிறுத்தாமலும் உறுதியான கட்டடத்துக்குள் செல்வதே பாதுகாப்பானது.