எம்.ஜி.பி. காரில் ஓவர்டிரைவ்: பிந்தைய கியர்பாக்ஸைப் பொருத்துவதன் வரலாற்று நியாயம்

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில், அதே காரின் பிந்தைய ஓவர்டிரைவ் கியர்பாக்ஸைப் பொருத்தும் வழக்கம் பழைய கார் ஆர்வலர்களிடையே வேரூன்றியிருக்கிறது. இது காரின் அசல் தன்மையைக் கெடுக்கிறது என்று கண்டிப்பவர்களும் உண்டு. அந்தக் காரின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் இந்தக் கண்டனம் பெரும்பாலும் நிற்பதில்லை. தயாரித்தவர்களே கண்டறிந்து, கூடுதல் விலைக்கு மட்டும் கொடுத்துவந்த ஒரு தீர்வைப் பல ஆண்டுகள் கழித்து ஏற்றுக்கொள்வதாகவே இந்த மாற்றத்தைக் கருத வேண்டும்.

காரின் குறை, அதன் கியர் விகிதத்தில் தொடங்குகிறது. எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினுக்கு 3.909:1 விகிதமுள்ள பின் அச்சு கொடுக்கப்பட்டது. டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால் கார் மணிக்குச் சுமார் 28.8 கி.மீ. வேகத்தில் போகும். வளைவும் மேடும் நிறைந்த நாட்டுப்புறச் சாலையில் சட்டென்று வேகமெடுக்க இது ஏற்ற அளவு. ஆனால் கார் பிறப்பதற்கு முன்பே சாலை மாறத் தொடங்கிவிட்டது. எம்.1 நெடுஞ்சாலையின் முதல் பகுதி 1959 நவம்பரில் திறக்கப்பட்டது. 1965 டிசம்பரில் விதிக்கப்பட்ட 70 மைல் உச்சவரம்பில், அதாவது மணிக்கு 112 கி.மீ. அளவில், ஓட்டினாலும் எஞ்சின் ஓயாமல் 3,900 சுற்றுகளில் உழைக்க வேண்டியிருந்தது. பழைய சாலைக்கு வகுத்த விகிதம் புதிய சாலையில் இரைச்சலாகவும் பெட்ரோல் செலவாகவும் வெளிப்பட்டது.

தீர்வு எம்.ஜி.பி.க்கு முன்பே இருந்தது. எட்கர் டி நார்மன்வில் என்ற பொறியாளர் வடிவமைத்த ஓவர்டிரைவை ஷெஃபீல்டின் லேகாக் நிறுவனம் தயாரித்தது. சென்னையில் பூட்டப்பட்டு நம் சாலைகளிலும் ஓடிய ஸ்டாண்டர்டு வான்கார்டு, 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்த ஓவர்டிரைவோடு கிடைத்தது. 1953இல் வந்த ஆஸ்டின் ஹீலி 100 காரோ மூன்றே கியர்களை வைத்துக்கொண்டு, மேல் இரண்டிலும் ஓவர்டிரைவைச் சேர்த்தது. கியர்பாக்ஸின் பின்னால் தொற்றிக்கொண்டிருக்கும் இந்தச் சாதனத்துக்குள் கோள்போலச் சுற்றிவரும் சிறு பற்சக்கரங்கள் உண்டு. சுவிட்சைத் தட்டியதும் சோலினாய்டு எண்ணெய் வழியைத் திறக்கிறது. எண்ணெய் அழுத்தம் கூம்பு வடிவக் கிளட்சைத் தள்ளி நடுச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. உடனே வெளிவளையம் உள்ளே வரும் சுழற்சியைவிட வேகமாகச் சுழல்கிறது. இதற்குக் கிளட்ச் மிதியை அழுத்தத் தேவையில்லை. கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயில் இயங்குவதால், எம்.ஜி.பி.யில் கெட்டியான கியர் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயே ஊற்றப்படுகிறது. இதை மறந்தால் கூம்புக் கிளட்ச் வழுக்கும்.

எம்.ஜி.பி.க்கு இந்த வசதி 1963இல் 0.802 விகிதமுள்ள டி வகையாக வந்தது. 1967இல் முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் கொண்ட புதிய கியர்பாக்ஸ் வந்தபோது, 0.82 விகிதமுள்ள எல்.ஹெச். வகை அதோடு சேர்ந்தது. அதன்மூலம் 112 கி.மீ. வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 3,200 சுற்றுகளுக்கு இறங்கியது. 1975இல் இங்கிலாந்துச் சந்தைக்கான கார்களில் ஓவர்டிரைவ் கூடுதல் விலையில்லாத நிலையான அங்கமானது. விருப்பப் பொருளாக நுழைந்தது பன்னிரண்டு ஆண்டுகளில் இன்றியமையாததாகிவிட்டது என்பதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின் அச்சின் விகிதத்தை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். 1973இல் வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரில் 3.07:1 அச்சு இருந்தது. ஆனால் அதை இழுத்தது 3528 சி.சி. எஞ்சின், அதற்கும் ஓவர்டிரைவைச் சேர்த்தே கொடுத்தார்கள். சிறிய எஞ்சினோடு அந்த அச்சைச் சேர்த்தால் முதல் கியரும் உயர்ந்து, மேட்டில் காரைக் கிளப்பக் கிளட்சுதான் தேய வேண்டும். ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியைப் பரிந்துரைப்போரின் வாதம் இன்னும் வலுவானது. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், எடையும் குறைவு. எனினும் அதன் ஐந்தாம் கியர் விகிதமும் ஏறக்குறைய 0.82 என்பதால் நெடுஞ்சாலையில் புதிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. மூன்றாம் கியரிலும் ஓவர்டிரைவைப் போட்டுக்கொள்ளும் சுகம்தான் போய்விடும்.

அசல் தன்மை பற்றிய ஆட்சேபம் உண்மையாகவே பொருந்தும் இடம் ஒன்று உண்டு. 1967 கியர்பாக்ஸ் பருமனானது. அதற்காகத் தொழிற்சாலையே உடற்கூட்டின் நடுச் சுரங்கத்தை அகலப்படுத்தியது. அதை 1967க்கு முந்தைய காரில் ஏற்ற வேண்டுமானால் தகட்டை வெட்ட வேண்டும் அல்லது அடித்து விரிக்க வேண்டும். எஞ்சினின் பின் தகடு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவையும் மாற வேண்டும். போல்ட்டைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திரும்பலாம். வெட்டிய தகட்டில் அது எளிதல்ல. எனவே முந்தைய உடற்கூட்டுக்கு, தேடியலைந்தாலும், டி வகை ஓவர்டிரைவோடு கூடிய அதே காலத்துக் கியர்பாக்ஸே தக்கது. 1967க்குப் பிந்தைய காரில் எல்.ஹெச். வகையைப் பொருத்துவோர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.