கொடைக்கானல் பாதரச ஆலை மண் சுத்திகரிப்பு

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலில், செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டிய மலைமுகட்டில் 1983 முதல் 2001 வரை ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இயங்கியது. அது மூடப்பட்ட பின், வளாகத்து மண்ணில் ஊறிக் கிடந்த பாதரசத்தை அகற்ற மேற்கொள்ளப்பட்ட பணியே கொடைக்கானல் மண் சுத்திகரிப்பு. மண்ணை எப்படிச் சுத்தம் செய்வது என்பதில் பெரிய சிக்கல் எழவில்லை. எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதே பல ஆண்டுகள் இழுத்த வழக்கானது.

ஆலையின் இயந்திரங்கள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இருந்த பழைய ஆலையிலிருந்து வந்தவை. பாண்ட்ஸ் இந்தியா நிறுவனம் இதைத் தொடங்கியது. 1987-இல் அதன் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. 1998-இல் பாண்ட்ஸ் இந்தியா, ஹிந்துஸ்தான் லீவருடன் (இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர்) இணைந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த வெப்பமானிகளில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே போனது. உடைந்த கண்ணாடியும் சிந்திய பாதரசமும் மட்டும் மலையில் தங்கின.

2001 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது. ஆலையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி, மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் கிழிந்த சாக்குகளிலிருந்து வெப்பமானிக் கண்ணாடிச் சில்லுகள் கொட்டிக் கிடந்தன. குழாய்களுக்குள் பாதரசம் வெள்ளி மணிகளாக ஒட்டியிருந்தது. பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பினர், கிரீன்பீஸ் இயக்கத்தினர், முன்னாள் தொழிலாளர்கள், ஊர்மக்கள் எல்லோரும் திரண்டு ஆலையை முற்றுகையிட்டனர். விதிக்குப் புறம்பாகக் கழிவுக் கண்ணாடி விற்கப்பட்டதை ஒப்புக்கொண்ட நிறுவனம் ஆலையை மூடியது. மிச்சமிருந்த கழிவுகள், பாதரசம் எல்லாமாகச் சேர்ந்து சுமார் 290 டன் 2003-இல் கப்பலேறி, பென்சில்வேனியாவிலுள்ள மறுசுழற்சி ஆலைக்குச் சென்றது. சாக்கில் கட்டக்கூடியதைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். மண்ணை அப்படி அனுப்ப முடியவில்லை.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். காற்றில் ஏறி, மழையோடு இறங்கி, மரப்பாசியிலும் மண்ணிலும் படியும். நீர்நிலையின் அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிட்டால் மீனுக்குள் போகும். மீன் வழியே மனித நரம்பு மண்டலத்தைத் தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய் மெத்தில் பாதரசம் ஏறிய மீன் வழியே வந்ததுதான். கொடைக்கானல் ஏரியின் நீர், சேறு, மீன் ஆகியவற்றில் பாதரசம் கூடியிருப்பதை ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார் 2006-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது. ஆலை வளாகத்தின் சரிவு பாம்பார் சோலைக்குள் இறங்குகிறது. அங்கு பெய்யும் மழை பெரியகுளத்தருகே கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்குப் போகிறது. ஆகவே இதை வேலிக்குள் அடங்கிய மாசாக யாரும் கருத முடியாது.

கைவிடப்பட்ட உர ஆலை நிலங்களில் நைட்ரேட்டும் அம்மோனியாவும் பெரும்பாலும் நீரில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கிவிடும். அந்த நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம், ஓரளவைப் பயிர்களும் உறிஞ்சிக்கொள்ளும். பாதரசத்துக்கு அந்த வழி கிடையாது. அது சிதையவும் சிதையாது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் (நீரி) பரிந்துரையில் இரு கட்ட முறை தேர்வானது. முதலில் தோண்டிய மண்ணைச் சலித்துக் கழுவுவார்கள். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய வண்டலில் ஒட்டியிருப்பதால், கல்லும் பருமணலும் கழுவியதும் தனியாகிவிடும். எஞ்சும் நுண்மண்ணை மூடிய கலத்தில், வெற்றிடத்தில் சூடேற்றுவார்கள். பாதரசத்தின் கொதிநிலை சுமார் 357 டிகிரி செல்சியஸ். வெற்றிடத்தில் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் திரவ உலோகமாகப் பிடிக்கிறார்கள். இப்படி வெந்து வெளிவரும் மண்ணில் உயிர் இருக்காது. மட்கும் நுண்ணுயிரும் சேர்த்துத்தான் அதை மீண்டும் நிலத்தில் பரப்ப முடியும். சோலைக்காட்டு மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதால் இது சிறிய இழப்பு இல்லை. தோண்டும் இடத்தில் நிற்கும் மரங்கள் விழுந்தால் சரிவு அரிக்கும் என்ற கவலையும் நியாயமானதே.

அளவு பற்றிய தகராறு இதனினும் கடுமையானது. தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டு வரம்பான கிலோவுக்கு 10 மில்லிகிராம் பேசப்பட்டது. பிறகு நிறுவனத்தின் கோரிக்கையையும் நீரியின் ஆய்வையும் ஒட்டி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 20 மில்லிகிராமை ஏற்றது. குடியிருப்பு நிலத்துக்குப் பொருந்தும் கணக்கு அது என்பது ஆதரவாளர் வாதம். வளாகத்தில் குடியேறுபவரை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கில் கீழே உள்ள சோலையும் ஓடையும் மீனும் எங்கே என்று சூழலியலாளர் கேட்டனர். இக்கட்டுரையாளர் கருத்தில் அந்தக் கேள்வியே சரியானது; காட்டின் விளிம்பிலுள்ள மண்ணுக்குக் காட்டின் அளவுகோல்தான் வேண்டும். மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை, பாதரசம் 25 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு 25 மில்லிகிராம்) மேற்பட்ட சேற்றையெல்லாம் அள்ளினார்கள். அது கடலடிச் சேற்றுக்கு வைத்த வரம்பு, மலைச்சரிவுக்கு முன்மாதிரியாகாது. எனினும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கின் முடிவில் 20 மில்லிகிராமே நிலைத்தது. 2017-இல் வளாகத்திலேயே சோதனை ஓட்டம் நடந்தது. முழுப் பணி அதன் பின்னரே.

உடல்நலப் பாதிப்புக்கு இழப்பீடு கேட்டுப் போராடிவந்த தொழிலாளர் தரப்புக்கு 2016 மார்ச்சில் தீர்வு வந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு சோபியா அஷ்ரப் பாடி வெளியான ராப் காணொளி, 14 ஆண்டுப் பழைய விவகாரத்தை உலகின் முன் கொண்டுவந்திருந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. மாசடைந்த நிலங்களுக்கெனத் தனி விதிகளை ஒன்றிய அரசு 2025-இல்தான் அறிவித்தது.