வாயிலும் சுவரும்

மும்பைக் கடற்கரையில் நிற்கும் 'இந்திய நுழைவாயிலை' அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அது. ஆயினும், அஃது எதற்காக எழுந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1911ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் இக்கரையில் இறங்கியதன் நினைவாக எழுப்பப்பெற்று, 1924இல் திறக்கப்பெற்றது அது. அதனை வரைந்த ஜார்ஜ் விட்டெட், 16ஆம் நூற்றாண்டுக் குஜராத்தின் கட்டடப் பாணியைத் தழுவினார். ஆண்டவர் அயலார், கட்டடம் அணிந்ததோ நம் நாட்டு அணி! 'இம்மண்ணின் பழைய அரசுகளுக்கு நாங்களே வாரிசு' எனச் சொல்லாமற் சொல்லும் உத்தி அது. 1892இல் எழுந்த சென்னை உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்களும் அப்பாடத்தையே ஓதின.

காலம் அதற்கு வேறு பொருள் எழுதிற்று. 1948 பிப்ரவரி 28ஆம் நாள், ஆங்கிலப் படையின் கடைசிப் பிரிவு அவ்வாயில் வழியே வெளியேறிக் கப்பலேறியது. வரவேற்க எழுந்த வாயில் வழியனுப்பும் வாயிலாயிற்று! 1960இல் மகாராட்டிர மாநிலம் பிறந்தது; மறு ஆண்டே அவ்வாயிலின் எதிரே, குதிரைமீதமர்ந்த சத்ரபதி சிவாஜியின் சிலை எழுந்தது. அலுவலகத்தில் புதிய ஆணை வந்தால் பழைய தாளைக் கிழிப்பதில்லை. கோப்பில் அதன்மேல் புதியதை வைக்கிறோம். விடுதலை பெற்ற நாடும் இங்கு அவ்வாறே செய்தது.

அச்சிலை உணர்த்தும் 'நாம்' என்னும் சொல்லில் நமக்கும் இடமுண்டா? 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்க்கு எதிராக இந்நகரில் எழுந்த முழக்கங்களைக் கேட்ட முந்தைய தலைமுறையினர் இவ்வினாவை மறந்திரார்.

விடை தஞ்சையில் இருக்கிறது. இராசராசன் 1010இல் நிறைவுசெய்த பெரிய கோயில், சைவத்தின் பெருமையையும் சோழப் பேரரசின் ஆற்றலையும் ஒருங்கே பறைசாற்றியது. சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழியினர் பின்னாளில் தஞ்சையை ஆண்டனர். அவருள் இரண்டாம் சரபோஜியிடமிருந்து 1799இல் ஆட்சிப் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கும்பினி பெற்றுக்கொண்டது. நாடு கைவிட்டுப் போன நிலையில், 1803இல் தம் குல வரலாற்றை அக்கோயிற் சுவரிலே மராத்தி மொழியில் பொறித்து வைத்தார் அவர். தமிழ்க் கல்வெட்டுகளை அம்மராத்தி எழுத்து அழிக்கவில்லை. மராத்தி எழுத்தையும் தமிழர் அகற்றவில்லை.

கட்டடங்களை நம் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, எழுப்பியவர் யார் என்பதோடு, உள்ளே இடம் பெறுவோர் யார் என்றும் கேட்கக் கற்பிப்போம். இந்நகரில் நாம் எழுப்பும் கோயிலும் மன்றமும் மாட்டுங்காவாரையும் தாராவியாரையும் செம்பூராரையும், அண்டை வீட்டு மராத்தியரையும் ஒருங்கே அழைக்கட்டும்.