இளங்கதிர்: பேராதனையில் ஒரு மாணவர் இதழ்

பழனிக்கு மேற்கே கோவையில், ஆசிரியப் பணியிலிருந்த கவிஞர்கள் பலர் கூடி 1971இல் 'வானம்பாடி'யைத் தொடங்கிய வரலாறு நம் வட்டத்தார்க்குப் புதிதன்று. அவர்களுள் ஒருவரான சிற்பி பொள்ளாச்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதால், அதனை அயலூர்ச் செய்தியாகவே கொண்டாடுகிறோம். ஆயினும், வகுப்பறைக்கும் படைப்புக்கும் உள்ள உறவைப் பேசப் புகுந்தால் நம் பேச்சு அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்பே, கடலுக்கு அப்பால், இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மாணவர்கள் 'இளங்கதிர்' என்னும் ஆண்டிதழைத் தொடங்கிவிட்டனர்.

அப்பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தோன்றியது. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அமர்ந்த விபுலாநந்த அடிகளே இங்கும் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் அடிகள் மறைந்தபின் அவ்விடத்திற்கு வந்தவர் க. கணபதிப்பிள்ளை. இளங்கதிர் முளைத்தது இவர் காலத்தில்தான்.

இதழாசிரியர் ஆண்டுதோறும் மாறுவார். கைபழகிய மாணவர் பட்டம் பெற்று வெளியேற, அடுத்தவர் அகரத்திலிருந்து தொடங்குவார். பேராசிரியர்களின் ஆய்வுரைகளுக்கிடையே மாணவர் கவிதையும் கதையும் இடம்பிடிக்க வேண்டும். ஆண்டு மலர்களுக்கே உரிய ஏற்ற இறக்கம் இவ்விதழுக்கும் உண்டு. இதழ் மட்டுமே எழுத்தாளரை உருவாக்கியது என்று கூற நான் துணியேன். அதனைச் சூழ்ந்திருந்த காற்றே முதன்மையானது என்பது என் கருத்து.

கணபதிப்பிள்ளை இலண்டனில் கல்வெட்டுத் தமிழை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அத்தகைய இலக்கண அறிஞர், 'உடையார் மிடுக்கு' முதலிய நாடகங்களை யாழ்ப்பாணத்து நாட்டார் பேச்சிலேயே எழுதி, மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1940இல் அவை 'நானாடகம்' என நூலாயின. அக்காலத் தமிழகத்துத் தமிழ்த்துறைகளில் இதனை எண்ணிப் பார்க்கவும் இயலுமா? வட்டார வழக்கு 'இழிசனர் வழக்கு' என்னும் பூசல் ஈழத்தில் 1960களில் வெடித்தபோது, பேராதனை மாணவர்க்கு விடை முன்னரே கையிலிருந்தது. தம் ஊர்ப் பேச்சு எழுதத்தக்கதே என்பதைத் தம் பேராசிரியரின் நாடகங்களிலேயே அவர்கள் கண்டிருந்தனர்.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சரச்சந்திரர் 1956இல் அரங்கேற்றிய 'மனமே' என்னும் சிங்கள நாடகம் நாட்டுக்கூத்தின் ஆற்றலை உணர்த்திற்று. சு. வித்தியானந்தன் 1962 முதல் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' எனக் கூத்துகளை மாணவரைக் கொண்டு புதுக்கினார். இராவணேசனை எழுதி அதில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் நாடகப் பேராசிரியரானார்.

சிறுகதையிலும் அதே எழுச்சி. ஆண்டிதழின் சில பக்கங்கள் போதாவென்று கண்ட மாணவர்கள் தம் கதைகளைத் தாமே நூலாக்கினர். 1962இல் 'கதைப்பூங்கா' வந்தது. 'விண்ணும் மண்ணும்', 'காலத்தின் குரல்கள்', 'யுகம்' ஆகியன தொடர்ந்தன. செங்கை ஆழியானும் செம்பியன் செல்வனும் அத்தலைமுறையினர். இருவரும் பயின்றது புவியியல் என்பது நோக்கத்தக்கது. தமிழ்த்துறையின் வாயில் பிறதுறை மாணவர்க்கும் திறந்திருந்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவு மீனவர் வாழ்வைச் சொல்லி, 1978இல் திரைப்படமும் ஆயிற்று.

சூழல் அவ்வாறே நீடிக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தபோதே கசப்பு தொடங்கிற்று. 1983 மே மாதத்தில் பேராதனையிலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர்; சூலையில் நாடெங்கும் இனப்படுகொலை. பலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்கு இடம்பெயர்ந்தனர். ஒரு தலைமுறை மற்றொன்றுக்குக் கையளிக்க வேண்டிய இதழுக்கு, கையளிக்க ஆளில்லாமற்போவதைவிடக் கொடிது எது?

எனினும் சங்கம் பின்னரும் இளங்கதிரை வெளியிட்டது. பழைய இதழ்கள் பலவற்றை ஈழத்து 'நூலகம்' மின்தளத்தில் பழனியிலிருந்தே படிக்கலாம். படிக்கப் புகும் நம் கவிஞர்கள் பேராசிரியர் கட்டுரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். மாணவர் எழுதிய பக்கங்களை முதலில் திறக்க வேண்டுகிறேன்.