வெற்றிக் காசும் நாணயமும்

நாணயம் என்னுஞ் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த சரித்திரம் நம் ஈழநாட்டிற்கு உண்டு.

உரோமச் சக்கரவர்த்திகள் தம் போர் வெற்றியைக் காசின் வாயிலாகவே உலகறியச் செய்தனர். கி.பி. 388இல் மக்சிமஸ் என்பானை வீழ்த்திய தியோடோசியஸ் வெளியிட்ட சிறு வெண்கலக் காசில், சிறகுடைய வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். 348 முதல் வெளிவந்த வேறொரு காசில், போர்வீரன் குதிரையிலிருந்து வீழ்ந்த பகைவனை ஈட்டியாற் குத்துகிறான்.

இத்தகைய 4ஆம், 5ஆம் நூற்றாண்டுக் காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் உள. நம் முன்னோர்க்கு அவை வெறும் சில்லறையே. எவன் வென்றான், எவன் தோற்றான் என்று இங்கே யார் கேட்டார்?

ஆயின், அதற்கும் முன்னரே உரோமரிடத்து நம் மன்னர் ஒருவர் வியந்தது ஒன்றுண்டு. கிளாடியஸ் (கி.பி. 41–54) காலத்தில் இங்கு வந்தொதுங்கிய ஒருவரிடமிருந்த வெள்ளிக் காசுகள், வெவ்வேறு முகங்கள் பொறித்திருந்தும், ஒரே நிறையுடையனவாய் இருந்தன. அந்நேர்மையை மெச்சிய மன்னர் உரோமாபுரிக்குத் தூதனுப்பினார் என எழுதினார் பிளினி.

வெற்றி மொழிகள் களிம்பேறி மழுங்கின. நிறையின் நேர்மை நிலைத்தது. நாவலப்பிட்டிக் கடைவீதியில் தராசு பிடிக்கும் நாமும், கணக்கெழுதும் நாமும் இதனை மறவாதிருப்போமாக. மண்வெட்டியிற் பழங்காசு அகப்பட்டால், உருக்கி விற்காது தொல்பொருள் திணைக்களத்தாரிடம் ஒப்படைப்பதும் நாணயமே.